மரம் வளர்க்கச் சொல்கிறோம். மரத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு வழி எங்கே?

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இயக்கத்தை மாநில அரசு 2022-இல் தொடங்கியது. அதே ஆண்டு தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. விவசாயி தன் நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்டி விற்பதை எளிதாக்கும் மாதிரி விதிகளை மத்திய அரசு 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. இந்த மூன்றும் நடக்க வேண்டுமானால் மரம் தெரிந்த மனிதர்கள் பெரும் எண்ணிக்கையில் தேவை. நாற்று வளர்க்க, அளக்க, அறுக்க, உலர்த்த, தரம் பிரிக்க, காட்டைக் காக்க ஆள் வேண்டும். அவர்கள் எங்கே கற்பார்கள், எந்த வழியாக வேலைக்கு வருவார்கள் என்பதைப் பற்றி நாம் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

ஒரே வாசலில் நெரிசல்

காட்டின் மீது ஆசை கொண்ட பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் முதலில் கேட்பது, ‘ரேஞ்சர் ஆக என்ன படிக்கணும்?’ என்பதுதான். வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சீருடை, அரசுச் சம்பளம், ஊரில் மரியாதை. அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதைப் பிள்ளைகளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

இந்திய வனப் பணிக்கு யுபிஎஸ்சி நடத்தும் தேர்வில் 2022 முதல் 2025 வரை ஆண்டுதோறும் நாடு முழுமைக்கும் 150-ஐ ஒட்டிய இடங்களே அறிவிக்கப்பட்டன. முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ், ஐபிஎஸ் கனவோடு வருகிறவர்களுக்கும் பொதுவானது. அதைத் தாண்டி முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு. பிறகு உடல்தகுதி: ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும்.

மாநில அளவில் உதவி வனப்பாதுகாவலர் பதவிக்கும், வனச்சரகர் ஆவதற்கான வனத் தொழில் பழகுநர் பதவிக்கும் டிஎன்பிஎஸ்சி தனித்தனியே தேர்வு நடத்துகிறது. இந்த இடங்களும் குறைவு. அறிவிப்பு எல்லா ஆண்டும் வருவதில்லை. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024 முதல் குரூப் 4 தேர்வுக்குள் வந்துவிட்டன. அந்த ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர் வேலைகளுக்கு எழுதுகிறவர்களோடு சேர்ந்து எழுதும் அந்தத் தேர்வில், காட்டை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் வினாத்தாள் ஒன்றே.

மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. நான்கு ஆண்டு இளநிலை வனவியல் படிப்பு. மரவியல், மண், காட்டுயிர், மரப் பயன்பாடு, அளவீடு என எல்லாம் கற்றுத் தருகிறார்கள். படித்து முடித்தவர்களில் கணிசமானவர்கள் மறுபடியும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில்தான் போய் உட்காருகிறார்கள். வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வுக்கு வனவியல் பட்டமும் தகுதி என்பதால், அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. நான்கு ஆண்டுகள் மரத்தைப் படித்த இளைஞர் பயிர்க்கடன் கோப்பு பார்க்கப் போவது அவருக்கு நல்ல வாழ்க்கையாக இருக்கலாம். அவருக்காகச் செலவிட்ட அரசுக் கல்லூரிக்கும், அவருக்காகக் காத்திருக்கும் மரத் தொழிலுக்கும் அது இழப்பு.

வேலை இடம் மாறிவிட்டது

இந்த நெரிசலுக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. கோயம்புத்தூரில் 1912-இல் சென்னை மாகாண வனக் கல்லூரி தொடங்கியபோது, மரத் தொழில் என்பதே காட்டிலாகாவின் தொழிலாக இருந்தது. அரசுக் காட்டில் அரசே வெட்டியது, அரசே விற்றது. ஆனைமலையில் தேக்குத் தடிகளை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடத்துக்கு ‘டாப்ஸ்லிப்’ என்று பெயர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். மரம் என்றால் காடு, காடு என்றால் அரசு வேலை என்ற கணக்கு அப்போது சரியாக இருந்தது.

அந்தக் கணக்கை இரண்டு திருப்பங்கள் மாற்றின. 1988-இல் வந்த தேசிய வனக் கொள்கை, காடு என்பது முதலில் சூழலைக் காப்பதற்காக; ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாக உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அடுத்தது நீலகிரியில் பிறந்தது. கூடலூர்ப் பகுதிக் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்கும் மர அறுவை ஆலைகளுக்கும் கடிவாளம் போட்டது. கூடலூரின் ஒரு வழக்கு இந்தியாவின் மரத் தொழிலையே காட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இன்றைக்கு ஆலைகளுக்குப் போகும் மரத்தின் பெரும்பகுதி விவசாயிகளின் நிலத்திலிருந்து வருகிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகள், புதுக்கோட்டை மாவட்டத்துத் தைலமரம், மேற்கு மாவட்டங்களின் மலைவேம்பு, எங்கும் பரவிய தேக்கு. கரூர் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையும் பள்ளிபாளையம் சேஷசாயி காகித ஆலையும் விவசாயிகளிடம் நாற்று கொடுத்து மரம் வாங்குகின்றன. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெருமரம், பிளைவுட்டுக்கு மலைவேம்பு, கட்டடச் சாரத்துக்குச் சவுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தை. 2014-இல் தேசிய வேளாண் காடுகள் கொள்கையை இந்தியா வெளியிட்டது; உலகிலேயே அப்படியொரு கொள்கை கண்ட முதல் நாடு நாம்தான். அதே ஆண்டு ஏப்ரலில் மியான்மர் தேக்குத் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கி நின்ற பர்மா தேக்கு உருட்டுமரமாக வருவது அதோடு நின்றுபோனது. உள்ளூர் மரத்தின் தேவை அதனால் இன்னும் கூடியிருக்கிறது.

வேலை காட்டிலிருந்து கழனிக்கும் மரவாடிக்கும் மில்லுக்கும் நகர்ந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் வாசல் மட்டும் 1912-லேயே நிற்கிறது.

நாற்றங்காலில் தொடங்கும் தொழில்

இந்த வேலைகள் எப்படிப்பட்டவை? சவுக்கு நாற்றங்காலில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும். தேர்ந்த தாய்ச்செடியிலிருந்து இளம் கொழுந்தை விரலளவு நறுக்கி, அடிப்பகுதியை வேர்விடும் மருந்துப் பொடியில் தொட்டு, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழல் தட்டில் ஊன்றுகிறார்கள். பாலிதீன் கூடாரத்துக்குள் ஈரம் குறையாமல் வைத்திருந்தால் மூன்று வாரம் போல் வேர் பிடிக்கும். கொழுந்து முற்றியிருந்தால் வேர் வராது. பிஞ்சாக இருந்தால் அழுகிவிடும். எது சரியான பதம் என்பதை விரல்தான் சொல்லும்.

கோவையில் 1988 முதல் இயங்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய வீரியச் சவுக்கு இரகங்கள் விவசாயியின் நிலத்துக்கு வந்து சேர்வது இந்த விரல்கள் வழியாகத்தான். அந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தினக்கூலிக்கு வருகிறவர்கள். பத்து வருடம் இதே வேலை பார்த்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அவருடைய திறமைக்கு ஒரு சான்றிதழ் கிடையாது. அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கித் தானே ஒரு நாற்றங்கால் தொடங்க வழி கிடையாது. நாற்றுப் பண்ணை வைக்க அதிக நிலமும் வேண்டாம், பெரிய பட்டமும் வேண்டாம். கிராமத்துப் பெண்கள் தொழில்முனைவோராக வருவதற்கு இதைவிடப் பொருத்தமான மரத் தொழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாலாக மடித்த நூல்

அடுத்தது அளப்பது. இங்கேதான் விவசாயி அதிகம் இழக்கிறார்.

நம் ஊர் மரவாடிகளில் உருட்டு மரத்தின் நடுவில் நூலைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை நாலாக மடித்து, வரும் அளவைத் தன்னோடு பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 10 அடி நீளமும் 48 அங்குலச் சுற்றளவும் உள்ள ஒரு தேக்குத் தடியை எடுத்துக்கொள்வோம். நாலாக மடித்தால் 12 அங்குலம், அதாவது ஓர் அடி. ஆக, 10 கன அடி. ஆனால், வட்டமான அந்தத் தடியில் உண்மையில் இருப்பது 12¾ கன அடியை ஒட்டி. ஒரே தடியில் இரண்டே முக்கால் கன அடி கணக்கில் வராமல் போகிறது.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. தடியைச் சதுரிக்கும்போது ஓரங்கள் கழிவாகப் போகும். அந்தச் சேதாரத்தை முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் பழைய வணிக முறை இது. விற்கிறவருக்கும் அது தெரிந்திருந்தால் பேரம் நியாயமாக நடக்கும். பல விவசாயிகளுக்குத் தெரியாது என்பதே சிக்கல். அதற்கு மேல் பட்டைக்கு ஒரு கழிவு, வளைவுக்கு ஒரு கழிவு, நடுவில் ஓட்டை இருக்கும் என்று ஊகத்தில் ஒரு கழிவு. பலர் இந்த அளவுக்குக்கூடப் போவதில்லை. தோப்பைச் சுற்றி வந்து குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார் தரகர்; பிள்ளையின் கல்யாணமோ கல்லூரிக் கட்டணமோ நெருக்கும் நேரத்தில் விவசாயி தலையாட்டிவிடுவார். பதினைந்து, இருபது வருடம் தண்ணீர் ஊற்றிய மரம் அரை மணி நேரத்தில் கைமாறிவிடும்.

மத்திய அரசின் மாதிரி விதிகள் இங்கே ஒரு புதிய வேலையைத் திறக்கின்றன. பத்து மரத்துக்கு மேல் வெட்ட விரும்பும் விவசாயி இணையத்தில் விண்ணப்பித்தால், அங்கீகரிக்கப்பட்ட ஒரு முகமை நேரில் வந்து மரத்தைப் பார்த்து, எவ்வளவு மரம் கிடைக்கும் என்று கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும். மாநிலம் அந்த விதிகளை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் மரம் அளக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டாகும். அந்த இடத்துக்கு நகரத்திலிருந்து ஒரு கணினி நிறுவனம் ஆளனுப்பிப் படம் பிடித்துக்கொண்டு போகப் போகிறதா, அல்லது உள்ளே முற்றிய வைரம் எது, வெளிப்புற வெளிறு எது என்று வெட்டுமுகத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்த உள்ளூர் இளைஞர் வரப் போகிறாரா என்பது இப்போது எடுக்கும் முடிவில் இருக்கிறது.

ரம்பத்துக்கு முன்னால் நிற்பவர்

செங்கோட்டையிலோ தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியோ உள்ள ஓர் அறுவை மில்லில் முதன்மை அறுவையாளர் தடியின் முன் நிற்கும் அந்தச் சில நொடிகளைக் கவனிக்க வேண்டும். வெட்டுமுகத்தில் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, கணு எங்கே, நடுச்சோறு ஒருபக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தடியைப் புரட்டச் சொல்வார். முதல் அறுப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்துத்தான் நிலைக்கட்டை எத்தனை, சட்டம் எத்தனை, பலகை எத்தனை, விறகு எவ்வளவு என்பது முடிவாகும். முதலாளியின் லாப நஷ்டம் அவர் கண்ணில் இருக்கிறது. அவர் அதைக் கற்றது இருபது வருடம் பட்டறையில் நின்றுதான். அவருக்குப் பின் யார் என்று கேட்டால் மில் உரிமையாளர்கள் கையை விரிக்கிறார்கள். தடி உருட்டவும் பலகை அடுக்கவும் வடமாநிலத்துத் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களும் பயிற்சி இல்லாமல்தான் ரம்பத்தின் அருகே நிற்கிறார்கள்.

உள்ளூர் இளைஞர்கள் ஏன் வருவதில்லை? விரல் போய்விடும் என்ற பயம். அது வீண் பயமன்று. பல சிறு மில்களில் ரம்பத்துக்கு மேல் தடுப்புக் கவசம் இருக்காது. மரத்தூளை உறிஞ்சும் கருவி இருக்காது. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை நடக்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் வைத்து வகைப்படுத்தியிருக்கிறது. அந்த எச்சரிக்கை வந்து 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. பத்து விரலும் நுரையீரலும் பத்திரமாக இருக்கும் என்ற உறுதி இல்லாத தொழிலுக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்?

அறுத்த பிறகு உலர்த்துவது. இதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். ஈரம் சரியாக இறங்காத மரத்தில் செய்த கதவு ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும், பங்குனி வெயிலில் விரிசல் காணும். வீடு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும். ஆசாரி மீதுதான் பழி விழும். விவசாய நிலத்தில் வேகமாக வளர்த்து இளம் வயதில் வெட்டும் மரத்தில் வைரம் குறைவு, வெளிறு அதிகம். வண்டு சீக்கிரம் விழும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தி, உலர்த்தும் அறையில் ஏற்றினால் நல்ல அறைகலனாகும். தாமதித்தால் நீலம் பாரித்து விறகாகிவிடும். ஒரே மரம் மேசையாவதா, அடுப்புக்குப் போவதா என்பதைத் தீர்மானிப்பது உலர்த்தும் அறையைக் கவனித்துக்கொள்ளும் அந்த ஒரு தொழிலாளியின் பயிற்சி.

மேல்படிப்புக்கு வழி இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மர அறிவியலில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பெங்களூரில் மர அறிவியலுக்கும் பிளைவுட் தொழிலுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி, பயிற்சி வசதி இருக்கிறது. போபாலில் 1982 முதல் வன மேலாண்மைக்கென்று ஒரு நிறுவனம் இயங்குகிறது. பட்டதாரி ஏறிக்கொள்ள ஏணியின் மேல்படிகள் உள்ளன. பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்த பிள்ளை கால் வைக்கும் கீழ்ப்படிதான் இல்லை. ஐடிஐயில் தச்சு வேலை கற்கலாம். அது பலகை கைக்கு வந்த பிறகான வேலை. பலகையே உருவாகும் வேலைக்கு வகுப்பறை கிடையாது.

தொழில் பழகுநர் சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள்தான் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நம் மில்களில் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருப்பவை.

காட்டுக்குள் இருப்பவர்களின் நிலை

காட்டுக்குள்ளும் வேலை மாறிக்கொண்டிருக்கிறது. ஐந்து புலிகள் காப்பகங்கள், கோடைத் தீ, ஊருக்குள் வரும் யானை, உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் விழுங்கிய மேய்ச்சல் நிலம். அந்நியக் களைச்செடிகளை அகற்றிக் காட்டை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் வெட்டிய மஞ்சள் கொன்றை காகித ஆலைக்குக் கூழ் மரமாகப் போகிறது. களையை எடுத்த இடத்தில் எந்தப் புல்லை, எந்த மரத்தை மீண்டும் கொண்டுவருவது என்பது நுணுக்கமான வேலை. இன்னும் பல ஆண்டுகளுக்கு ஓயாத வேலை.

இதைச் செய்ய முதல் தகுதி யாருக்கு இருக்கிறது? 2021-இல் மசினகுடிப் பகுதியில் டி23 என்ற புலியை வாரக்கணக்கில் தேடியபோது டிரோன்களும் கேமராக்களும் இருந்தன. கால்தடத்தைப் படித்து வழி சொல்லப் பழங்குடி இளைஞர்களும் வேண்டியிருந்தார்கள். புலி உயிரோடு பிடிபட்டது. வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். பழங்குடி இளைஞர்களுக்கென்று வனக்காவலர் பணியிடங்கள் ஒதுக்கப்படுவது நல்ல செய்தி. ஆனாலும், பத்து ஆண்டுகள் தீ அணைத்த அனுபவமும் யானை விரட்டிய அனுபவமும் எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடப் பெற்றுத் தருவதில்லை. குரங்கணியில் 2018 மார்ச் மாதம் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ பலிகொண்டதை நாம் மறந்திருக்க முடியாது. தீயின் போக்கு தெரிந்த ஒரு மனிதர் அரசுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

உடனே செய்யக்கூடியவை

முதல் தேவை, மில் இருக்கும் ஊரில் பயிற்சி. செங்கோட்டை, தூத்துக்குடி, மேட்டுப்பாளையம் ஆகிய ஊர்களுக்கு அருகிலுள்ள அரசு ஐடிஐகளில் மரம் அறுத்தல், தரம் பிரித்தல், உலர்த்துதல், பதப்படுத்துதல் ஆகியவற்றுக்கு ஓராண்டுப் பிரிவு தொடங்கலாம். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் மில். பாடத்திட்டம் எழுத வெளியூர் போக வேண்டாம்; வனக் கல்லூரியும் கோவை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. கற்றுக்கொடுக்க, பட்டம் இல்லாத மூத்த அறுவையாளர்களைப் பயிற்றுநர்களாக நியமிக்க விதியில் இடம் வேண்டும். சிறு மில்கள் பத்து சேர்ந்து பழகுநர்களை எடுத்துக்கொண்டால், உதவித்தொகையை அரசு ஏற்கலாம். ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களின் வழியே இதற்குப் பணம் ஒதுக்குவது கடினமன்று.

பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மர அறுவை ஆலைகளுக்கு உரிமம் தருவதும் புதுப்பிப்பதும் ஏற்கெனவே வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிமம் புதுப்பிக்கும்போது ரம்பக் கவசமும் தூசு உறிஞ்சியும் ஊழியர்களுக்கு இஎஸ்ஐ பதிவும் இருக்கின்றனவா என்று தொழிலகப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து சரிபார்க்கட்டும். சிறு மில்லுக்கு அந்தக் கருவிகளை வாங்க மானியம் தரட்டும். இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கும் அரசு, விரலைக் காக்கும் கவசத்துக்கும் கொடுக்கலாம்.

மாதிரி விதிகளை மாநிலம் ஏற்கும்போது, சரிபார்ப்பு முகமைகள் வனவியல் பட்டதாரிகளையும் அளவீட்டுச் சான்று பெற்ற உள்ளூர் இளைஞர்களையும்தான் களத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். அவர்கள் தரும் அறிக்கையின் ஒரு படி தமிழில் விவசாயியின் கைக்கு வர வேண்டும். அதில் நாலாக மடித்த கணக்கும் முழுக் கன அளவும் இரண்டும் இருக்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல், பருத்தி விலை எழுதும் பலகையில் தேக்கு, மலைவேம்பு, சவுக்கு விலையையும் எழுதினால், குத்துமதிப்புப் பேரம் பாதியாகக் குறையும்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களின் பணி ஆண்டுகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். வைகை அணை வனப் பயிற்சிக் கல்லூரியில் அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சான்றும் கொடுத்து, வனக்காவலர் பதவிக்கு ஏறும் வழியைத் திறந்துவிடுங்கள். நாற்றங்கால் பெண்களுக்கும் அப்படியே: கைத்திறனைச் சோதித்துச் சான்று தந்தால், மகளிர் குழுக் கடனுக்கு அதுவே பிணையாகும்.

வனக் கல்லூரி மாணவர்களை ஒரு பருவம் முழுக்க மரவாடியிலும் மில்லிலும் உலர்த்தும் அறையிலும் உட்கார வைக்கலாம். வேளாண் காடுகளுக்கென்று ஆலைகளையும் விவசாயிகளையும் இணைத்து அந்தக் கல்லூரியே ஒரு கூட்டமைப்பை நடத்துகிறது. அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் இத்தனை மாணவர்களை வேலைக்கு எடுப்போம் என்று முன்கூட்டியே அறிவிக்கட்டும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் போடுவதற்கு முன் கோவையில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அடுத்த நாள் ஒரு நாற்றங்காலுக்கும் ஓர் அறுவை மில்லுக்கும் போங்கள். வெயில், ஈரம், தூசு, தனிமை இவற்றில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தேர்வுக்குப் படியுங்கள். ஆனால், அதற்கென்று இரண்டு ஆண்டுக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைக்காலத்தில் மரம் அளக்கவும், தரம் பார்க்கவும், வரைபட மென்பொருளைக் கையாளவும் கற்றுக்கொண்டால் தேர்வு கைவிட்டாலும் தொழில் கைவிடாது.

அரசுக்கு ஒரு கோரிக்கை. தூத்துக்குடி அறைகலன் பூங்காவில் ஆலைக்கு இடம் ஒதுக்குவதற்கு முன் பயிற்சிப் பட்டறைக்கு இடம் ஒதுக்குங்கள். வரும் கல்வியாண்டின் ஐடிஐ சேர்க்கை அறிவிப்பிலேயே மரத் தொழில் பிரிவு இடம்பெறட்டும். இன்று நடும் மலைவேம்பு ஏழெட்டு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். ஒரு நல்ல அறுவையாளர் உருவாக அதைவிட அதிக காலம் ஆகும்.